எந்த நாள் முதல் எந்த நாள் வரை?

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டாள் கோயிலுக்கு வந்தவர்கள் கையோடு வாங்கிப்போன பண்டம் இன்று கூரியரில் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ராஜபாளையம் பக்கம் போனால் சரக்கே வேறு. மில் நூல், சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி, தளவாய்புரம் நைட்டி என்று மொத்த வியாபாரம். சரக்கு எதுவானாலும் அதை இணையத்தில் விற்க நினைப்பவர்கள் கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் விளம்பரக் காசு கட்டுகிறார்கள். மாதம் பிறந்தால் ஏஜென்சியிடமிருந்து ஒரு ரிப்போர்ட் வருகிறது. இவ்வளவு செலவு, இத்தனை கிளிக், இத்தனை ஆர்டர். அதன் தலைப்பில் சின்ன எழுத்தில் ‘கடந்த 30 நாட்கள்’ என்று ஒரு வரி இருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை. அந்த ஒரு வரிதான் கீழே உள்ள எல்லா எண்களையும் முடிவு செய்கிறது என்பதும், அதைத் தேர்ந்தெடுக்கும் வேலையை மென்பொருளிடம் விட்டுவிடக் கூடாது என்பதும்தான் இந்தக் கட்டுரையின் வாதம்.

ரிப்போர்ட் எப்படி உருவாகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஏஜென்சிக்காரர் ஒவ்வொரு வாடிக்கையாளரின் கணக்கையும் தனித்தனியாகத் திறந்து எண்களைக் காகிதத்தில் குறித்துக்கொள்வதில்லை. அவருடைய கணினியில் இருக்கும் ஒரு நிரல் கூகுளின் நிரலிடம் கேள்வி கேட்டு விடையை வாங்கி, அட்டவணையாக்கி அனுப்பிவிடுகிறது. இப்படி ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் கேட்பதற்கான வாசலுக்குத்தான் ஏபிஐ என்று பெயர். கேள்வியில் மூன்று சங்கதிகள் இருக்கும். எந்த விளம்பரம், எந்த அளவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை. கூகுள் விளம்பர ஏபிஐயில் தேதியை 2024-10-11 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் இடையில் கோடு போட்டு எழுத வேண்டும். தொடக்க நாள், இறுதி நாள் இரண்டும் கணக்கில் சேரும். இதற்கு முன்பிருந்த ஆட்வேர்ட்ஸ் ஏபிஐ, கோடு இல்லாமல் எட்டு இலக்கங்களைச் சேர்த்து எழுதச் சொன்னது. 2022 ஏப்ரல் 27இல் அதை மூடிவிட்டார்கள். தேதியைத் தப்பான வடிவத்தில் எழுதினால் கவலை இல்லை, நிரல் பிழை என்று சொல்லி நின்றுவிடும். வடிவம் சரியாக இருந்து அர்த்தம் மாறிப்போகும் தேதிகள்தாம் ஆபத்தானவை. அவற்றுக்கு எந்த எச்சரிக்கையும் வராது.

தேதியை எழுதச் சோம்பல்படுபவர்களுக்காகப் பல நிறுவனங்கள் குறுக்குப் பெயர்கள் வைத்திருக்கின்றன. நேற்று, கடந்த 7 நாள், கடந்த 30 நாள், போன மாதம் என்று. கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் கூகுள் விளம்பர ஏபிஐயில் ‘கடந்த 7 நாள்’ என்றால் இன்றைய நாள் அதில் சேராது, நேற்றோடு முடிந்த ஏழு நாள். அதே கூகுளின் அனலிட்டிக்ஸ் ஏபிஐயில், அதாவது கடையின் இணையதளத்துக்கு வந்து போனவர்களைக் கணக்கெடுக்கும் பிரிவில், ‘7 நாளுக்கு முன்பு’ தொடங்கி ‘இன்று’ வரை என்று கேட்டால் எட்டு நாள் வரும். விரல் விட்டு எண்ணிப் பார்த்தால் புரிந்துவிடும். இன்று 20ஆம் தேதி என்றால் ஏழு நாளுக்கு முன்பு 13. 13 முதல் 20 வரை இரு முனைகளையும் சேர்த்தால் எட்டு. இப்போது செலவை ஒரு வாசலிலும் விற்பனையை இன்னொரு வாசலிலும் வாங்கி ஒரே அட்டவணையில் வைத்தால், ஏழு நாள் செலவுக்கு எதிரே ஏறத்தாழ எட்டு நாள் விற்பனை உட்கார்ந்துகொள்ளும். விளம்பரம் நன்றாக வேலை செய்வதுபோலத் தெரியும்.

ஒரு நாள் கூடக் குறைய இருந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒன்றை ஏழால் வகுத்தால் பதினான்கு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். நூறு ரூபாய் விளம்பரத்துக்கு எத்தனை ரூபாய் திரும்பியது என்று பார்த்துத்தான் அடுத்த மாதத் தொகையை முடிவு செய்கிறோம். அந்தக் கணக்கில் பதினான்கு சதவீதம் என்பது பல சிறு வியாபாரங்களின் லாபத்தையே தொட்டுவிடும் அளவு. அதற்கு மேல், கூடுதலாக நுழைந்த அந்த ஒரு நாள் எந்த நாள் என்பதும் இருக்கிறது. சாதாரணச் செவ்வாய்க்கிழமையானால் பதினான்கோடு போகும். பண்டிகைக்கு முந்தைய நாளானால் ஒரு வாரத்து விற்பனையையே அது தூக்கிக் காட்டிவிடும்.

நாள் என்று சொல்கிறோமே, அது எப்போது தொடங்குகிறது? வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் ஒரே திதியை வெவ்வேறு நாளில் காட்டும்போது எந்த நாளில் விரதம் இருப்பது என்று வீட்டுக்கு வீடு பேச்சு எழும் அல்லவா, அதே சிக்கல் விளம்பரக் கணக்கிலும் உண்டு. இங்கே நாளைத் தீர்மானிப்பது கணக்கின் நேர மண்டலம். கூகுள் விளம்பரக் கணக்கு தொடங்கும்போதே நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். ஏபிஐயில் நாம் எழுதும் தேதியை அந்தக் கணக்கின் கடிகாரப்படிதான் கூகுள் புரிந்துகொள்ளும், கேட்பவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று பார்க்காது. மைக்ரோசாஃப்ட் விளம்பர ஏபிஐயில் நேர மண்டலத்தைக் குறிப்பிடாமல் ரிப்போர்ட் கேட்டால், அமெரிக்க மேற்குக் கரையின் பசிபிக் நேரத்தையே அது எடுத்துக்கொள்ளும். யூடியூப் அனலிட்டிக்ஸும் பசிபிக் நேரத்தில்தான் நாளைக் கணக்கிடுகிறது. பால்கோவா கிண்டும் காணொளியை யூடியூபில் போட்டு விளம்பரம் செய்யும் கடைக்கு இதனால் என்ன ஆகும் என்றால், அதன் ‘நாள்’ கோடையில் நம் மதியம் 12.30க்கும், குளிர்காலத்தில் 1.30க்கும் தொடங்கும். காலையில் பார்த்தவர்கள் எல்லாரும் முந்தைய தேதியில் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

கோடை, குளிர்காலம் என்ற இந்த வேறுபாடு நமக்குப் பழக்கமில்லாதது. இந்தியாவில் ஆண்டு முழுவதும் ஒரே நேரம். அமெரிக்காவில் மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுக்கிறார்கள். 2023இல் அந்த ஞாயிறு நவம்பர் 5, தீபாவளிக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு. பசிபிக் நேரத்தில் திறக்கப்பட்ட ஒரு விளம்பரக் கணக்கு இருந்தால், தீபாவளி விற்பனை சூடுபிடித்திருக்கும்போதே அதன் நாள் எல்லை மதியம் 12.30லிருந்து 1.30க்கு நகர்ந்திருக்கும். நவம்பர் 5ஆம் தேதிக்கு 25 மணி நேரம். லிங்க்ட்இன் கதை வேறு, அங்கே உலகப் பொது நேரப்படி நாள், நமக்கு அது காலை 5.30க்குத் தொடங்கும். மருத்துவத் துணியை நாட்டுக்குள்ளேயே விற்பவர் லிங்க்ட்இனில் விளம்பரம் போட்டால் அந்த எல்லை பெரிதாகப் பாதிக்காது, அந்த நேரத்தில் யாரும் வியாபாரக் கடிதம் எழுதுவதில்லை. எல்லாக் கடிகாரப் பிழையும் ஒரே அளவு கெடுதல் செய்வதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வியாபாரம் நடக்கும் நேரத்தை வெட்டுகிற எல்லைதான் தொல்லை.

இதுவரை சொன்னவை பிழைகள். ஒருமுறை கவனித்துத் திருத்திவிட்டால் தீர்ந்துவிடும். இனி சொல்லப்போவது பிழையே இல்லாத தேதியால் வரும் தப்பு. என் வாதத்தின் நடு அதுதான். தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. ஒவ்வொன்றுக்கும் இடையில் சரியாக 354 நாள், பன்னிரண்டு சாந்திர மாதம். இனிப்புக் கடைக்கோ ஜவுளிக் கடைக்கோ ஆண்டின் பெரிய விற்பனை தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரத்தில் நடக்கிறது என்றால், அந்த மூன்று வாரம் ஒவ்வொரு ஆண்டும் வேறு வேறு ஆங்கிலத் தேதிகளில் போய் விழுகிறது. ரிப்போர்ட்டோ ‘இந்த அக்டோபர், போன அக்டோபர்’ என்று ஒப்பிடுகிறது. தேதியில் ஒரு எழுத்துப் பிழைகூட இருக்காது. விடை மட்டும் அபத்தமாக இருக்கும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். கற்பனையாக ஒரு பால்கோவா கடையை எடுத்துக்கொள்வோம். சாதாரண நாளில் இணையத்தில் 10 ஆர்டர். தீபாவளிக்கு முந்தைய 20 நாளில் நாளுக்கு 40. எல்லா ஆண்டும் இதே அளவு, ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. 2023இல் அந்த 20 நாள் அக்டோபர் 23 முதல் நவம்பர் 11 வரை. ஆகவே அக்டோபரில் 9 பண்டிகை நாளும் 22 சாதாரண நாளும் வருகின்றன, மொத்தம் 580 ஆர்டர். 2024இல் அக்டோபர் 11 முதல் 30 வரை, இருபது நாளும் ஒரே மாதத்துக்குள் அடங்கிவிட்டன, மொத்தம் 910. ‘போன அக்டோபரைவிட 57 சதவீதம் வளர்ச்சி’ என்று ஏஜென்சி கட்டணத்தை உயர்த்திக் கேட்கும். அடுத்த மாதம் என்ன ஆகிறது? 2023 நவம்பரில் 11 பண்டிகை நாள், 630 ஆர்டர். 2024 நவம்பரில் பண்டிகை நாள் ஒன்றுகூட இல்லை, 300 ஆர்டர். பாதிக்கும் மேல் சரிவு! கடைக்காரர் பதறிப்போய் ஏஜென்சியை மாற்றுவார், அல்லது விளம்பரத்தையே நிறுத்துவார். கடையில் ஒன்றும் மாறவில்லை. அடுப்பும் அதே, பாலும் அதே, வாடிக்கையாளரும் அதே. நிலவு மட்டும் தன் வழக்கப்படி நடந்திருக்கிறது.

இதே கடைக்குத் தீபாவளிக்கு முந்தைய 20 நாள் என்ற வரம்பை வைத்துக் கேட்டிருந்தால் மூன்று ஆண்டும் 800 என்ற ஒரே விடை வந்திருக்கும். அதாவது வளர்ச்சியும் இல்லை, சரிவும் இல்லை என்ற உண்மை. ஏபிஐயின் அருமை இங்கேதான் தெரிகிறது. திரையில் இருக்கும் பொத்தான் மாதங்களையும் வாரங்களையும் வரிசையாக நீட்டும், பெரும்பாலானவர்கள் அவற்றில் ஒன்றை அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள். ஏபிஐயில் எந்தத் தேதியையும் எழுதலாம். 2023-10-23 முதல் 2023-11-11, 2024-10-11 முதல் 2024-10-30, 2025-09-30 முதல் 2025-10-19. நிரலுக்குத் தீபாவளி தெரியாது, தெரிந்தவர் ஆண்டுக்கு ஒரு தேதியைச் சொன்னால் மிச்சத்தை அது கணக்கிட்டுக்கொள்ளும். கூரியர் போய்ச் சேரும் நாட்களைக் கழித்து வரம்பை இன்னும் முன்னே தள்ளினாலும் சரி, எல்லா ஆண்டுக்கும் ஒரே அளவு தள்ள வேண்டும், அவ்வளவுதான்.

தீபாவளி ஊருக்கெல்லாம் பொது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கென்று தனியாக ஒரு நாள்காட்டியும் உண்டு. ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு மாவட்டமே திரளும். அது 2023இல் ஜூலை 22, 2024இல் ஆகஸ்ட் 7, 2025இல் ஜூலை 28. இங்கே இடைவெளி 382 நாள், பிறகு 355 நாள். தீபாவளி திதியைப் பின்பற்றுகிறது, ஆடிப்பூரம் சூரிய மாதத்துக்குள் நட்சத்திரத்தைப் பின்பற்றுகிறது. எனவே இரண்டுக்கும் ஒரே நகர்வைப் பொருத்த முடியாது. தீபாவளி பன்னிரண்டு நாள் முன்னே வந்த அதே 2024இல் ஆடிப்பூரம் பதினாறு நாள் பின்னே போனது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஊருக்குப் பக்கத்துத் திருவண்ணாமலைக்கு, தென்திருப்பதி என்று சொல்லப்படும் சீனிவாசப் பெருமாள் கோயிலுக்கு, வரும் கூட்டம் இன்னொரு வகை. அங்கே தேதியைவிடக் கிழமை முக்கியம். கிழமை ஒத்துப்போக வேண்டுமானால் 365 நாள் பின்னே போகாமல் 364 நாள் பின்னே போக வேண்டும், ஐம்பத்திரண்டு முழு வாரம். இப்படி ஒரே ஊரில் மூன்று விதமான ‘போன ஆண்டு’ இருக்கிறது. எந்த மென்பொருளின் பட்டியலிலும் இந்த மூன்றும் பெயர் சொல்லி இருக்காது, இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் வீண்.

ராஜபாளையம் பக்கத்து மொத்த வியாபாரத்தில் சிக்கல் நேர் எதிர்த் திசையில் வருகிறது. பால்கோவா வாங்குபவர் விளம்பரத்தைப் பார்த்த அன்றே முடிவு செய்துவிடலாம். பேண்டேஜ் துணி வாங்கும் மருத்துவப் பொருள் நிறுவனம் அப்படிச் செய்யாது. விளம்பரத்தைக் கிளிக் செய்யும், சாம்பிள் கேட்கும், விலை பேசும், வாரங்கள் கழித்து ஆர்டர் கொடுக்கும். கூகுள் வழக்கமாக அந்த ஆர்டரை, அது கிடைத்த தேதியில் எழுதாமல் கிளிக் நடந்த தேதியில்தான் எழுதுகிறது. செப்டம்பர் 28இல் கிளிக், அக்டோபர் 15இல் ஆர்டர் என்றால் அது செப்டம்பர் கணக்கு. அக்டோபர் 1ஆம் தேதி காலையில் எடுத்த செப்டம்பர் ரிப்போர்ட்டில் அந்த ஆர்டர் இருக்காது, நவம்பர் 1இல் எடுத்த அதே செப்டம்பர் ரிப்போர்ட்டில் இருக்கும். கிளிக்குக்குப் பிறகு எத்தனை நாள் வரை காத்திருந்து ஆர்டரைச் சேர்க்கலாம் என்பதற்கு கூகுளில் வழக்கமான அளவு 30 நாள், அதிகபட்சம் 90. ஆகவே மாதம் முடிந்த மறுநாள் எடுக்கும் ரிப்போர்ட், மொத்த வியாபாரிக்கு எப்போதுமே விளம்பரத்தைக் குறைத்துக் காட்டும். அதிலும் கடைசி இரண்டு வாரம் மிகவும் மோசமாகத் தெரியும். ‘நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, இந்த இரண்டு வாரமாகப் படுத்துவிட்டது’ என்று மாதா மாதம் புலம்புகிறவர் ஒருமுறை பழைய மாதத்து ரிப்போர்ட்டைத் திரும்ப எடுத்துப் பார்க்கலாம். போனிலும் வாட்ஸ்அப்பிலும் பேசி முடித்த ஆர்டர்களை யாராவது பதிவேற்றினால் ஒழிய அவை கூகுளுக்குத் தெரியவே தெரியாது என்பது வேறு.

ஆகவே தொடக்கத் தேதி, இறுதித் தேதி, நேர மண்டலம் இவற்றோடு ரிப்போர்ட் எடுத்த தேதியும் எழுதப்பட வேண்டும். ஒரே வரம்பை இரண்டு நாளில் கேட்டால் இரண்டு விடை வருவது ஏமாற்று வேலை இல்லை. தாமதமாக வந்த ஆர்டர்கள் சேர்கின்றன, போலி என்று கண்டுபிடிக்கப்பட்ட கிளிக்குகள் கழிக்கப்படுகின்றன, சில அளவுகள் பல மணி நேரம் கழித்தே நிரம்புகின்றன. பால்கோவா கடைக்கு இரண்டு மூன்று நாள் பொறுத்து எடுத்தால் போதும். பேண்டேஜ் துணிக்காரர் செப்டம்பர் மாதத்தை நவம்பரில்தான் தீர்ப்பிட வேண்டும். ‘கடந்த 30 நாள்’ என்ற ஒரே சட்டையை இருவருக்கும் மாட்டினால், ஒருவருக்குப் பண்டிகையை வெட்டுகிறது, இன்னொருவருக்கு ஆர்டரை வெட்டுகிறது.

தினசரி எண்களை வாங்கி நாமே கூட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். கிளிக்கையும் செலவையும் தாராளமாகக் கூட்டலாம். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையைக் கூட்டக் கூடாது. ஒரே ஆள் ஏழு நாளும் ஃபேஸ்புக்கில் அந்த விளம்பரத்தைப் பார்த்திருந்தால் தினசரி வரிசையில் ஏழு முறை ஒன்று என்று வரும், வாரத்துக்குக் கேட்டால் ஒன்றுதான் வரும். அந்த அளவுக்கு வரம்பை முழுதாகக் கொடுத்தே கேட்க வேண்டும். இன்னொரு நுணுக்கம், கூகுளிடம் நாள்வாரியாகக் கேட்டால் விளம்பரம் ஓடாத நாட்களுக்கு வரியே வராது. பூஜ்யம் என்றுகூட வராது. முப்பது நாள் கேட்டு இருபத்திரண்டு வரி வந்தால், மொத்தத்தை இருபத்திரண்டால் வகுத்து ‘நாள் சராசரி’ என்று போட்டுவிடுவார்கள். வரிகளை எண்ணாமல் நாட்களை எண்ண வேண்டும்.

இவ்வளவுக்கும் எதிராகச் சொல்லக்கூடியவற்றில் பலமான ஒன்றை முதலில் எடுக்கிறேன். வரம்பை நம் விருப்பப்படி வைக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டால், ஏஜென்சி தனக்குச் சாதகமான நாட்களைப் பொறுக்கி எடுத்துக் காட்டாதா? மாதம் என்ற எல்லையை யாரும் வளைக்க முடியாது, அதுவே அதற்கு ஒரு நேர்மை இல்லையா? இதில் உண்மை இருக்கிறது. பார்த்த பிறகு தேர்ந்தெடுத்த வரம்பு எதையும் நிரூபிக்கும். அதற்கு மருந்து, மாதத்துக்குத் திரும்பிப் போவதில் இல்லை, வரம்பை முன்கூட்டியே எழுதி வைப்பதில் இருக்கிறது. தீபாவளித் தேதி ஆண்டுத் தொடக்கத்திலேயே சுவரில் தொங்கும் காலண்டரில் அச்சாகிவிடுகிறது. ஆடி மாதத்திலேயே ‘தீபாவளிக்கு முந்தைய 20 நாள், இந்திய நேரம், பண்டிகை முடிந்து ஐந்தாம் நாள் எடுக்கும் ரிப்போர்ட்’ என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டுவிட்டால் அப்புறம் பொறுக்க ஒன்றும் இல்லை. நீளம் 20 நாளா 25 நாளா என்று அப்போது சண்டை போடட்டும். எண் கைக்கு வந்த பிறகு அந்தச் சண்டை கூடாது.

குறுக்குப் பெயர்கள் இருப்பதே மனிதத் தவறைத் தவிர்க்கத்தானே, கையால் தேதி எழுதினால் இன்னும் தப்பு வராதா என்பது இன்னொரு கேள்வி. தினமும் காலையில் விளம்பரம் ஓடுகிறதா, செலவு கட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்க ‘நேற்று’, ‘கடந்த 7 நாள்’ மிக நல்ல கருவிகள். அவற்றைக் கைவிடச் சொல்லவில்லை. கண்காணிப்பது ஒரு வேலை, ஒப்பிட்டு முடிவெடுப்பது வேறு வேலை. முதலாவதற்கு நகரும் வரம்பு, இரண்டாவதற்கு நிலையான வரம்பு. குறுக்குப் பெயரைப் பயன்படுத்தும் இடத்திலும், அது அன்றைக்கு எந்தத் தேதிகளாக விரிந்தது என்பதை ரிப்போர்ட்டின் தலையில் அச்சிட்டுவிட்டால் பாதித் தகராறு தீர்ந்துவிடும். நிரலாளருக்கு அது இரண்டு வரி வேலை.

மூன்றாவது எதிர்ப்பு வியாபாரிகளிடமிருந்தே வரும். ரிப்போர்ட் எதைச் சொன்னால் என்ன, கல்லாப்பெட்டி சொல்வதுதானே நிஜம்? நிஜம்தான். கல்லாப்பெட்டி எவ்வளவு வந்தது என்று சொல்லும், எதனால் வந்தது என்று சொல்லாது. தேர் பார்க்க வந்த கூட்டம் ஊருக்குப் போய் இணையத்தில் மறுபடி கேட்டதா, விளம்பரம் இழுத்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் தேதி வரம்பும் அதை முழுதாகச் சொல்லிவிடாது. விளம்பரம் இல்லாமலே வந்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று அறிய, சில ஊர்களில் விளம்பரத்தை நிறுத்திவைத்துப் பார்ப்பதுபோன்ற சோதனை வேண்டும். ஆனால் அந்தச் சோதனைக்கும் முதல் படி, இரு பக்கமும் ஒரே நாட்களை ஒப்பிடுவது. அளவுகோலே ஒவ்வொரு ஆண்டும் நீண்டு சுருங்கினால் எந்தச் சோதனையும் நிற்காது.

பழைய எண்கள் எங்கேயும் போய்விடாது, வேண்டும்போது கேட்டுக்கொள்ளலாம் என்றும் இருக்க முடியாது. ஃபேஸ்புக்கின் ஏபிஐயில் தொடக்கத் தேதி 37 மாதத்துக்கு முன்னால் போகக் கூடாது. மூன்று ஆண்டும் ஒரு மாதமும், அதாவது மூன்று தீபாவளி, தேதி தோதாக விழுந்தால் நான்கு. அதற்கு முந்தையதைக் கேட்டால் பிழைச் செய்திதான் வரும். ஆகவே பண்டிகை முடிந்ததும் அந்த வரம்புக்கான ரிப்போர்ட்டை எடுத்து, மேலே சொன்ன நான்கு குறிப்புகளோடு கடையின் சொந்தக் கணினியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏஜென்சி மாறினால் கணக்கும் கைமாறிப்போகும் ஊர் இது, விளம்பரக் கணக்கு கடைக்காரர் பெயரிலேயே இருக்கிறதா என்பதையும் அதோடு சேர்த்துப் பார்த்துவிடுவது நல்லது.

2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. 2025 தீபாவளியிலிருந்து 384 நாள், இந்த முறை நடுவில் ஒரு சாந்திர மாதம் கூடுதல். அதற்கு முந்தைய 20 நாள் அக்டோபர் 19 முதல் நவம்பர் 7 வரை. மேலே சொன்ன கற்பனைக் கடையின் அக்டோபர் கணக்கு 2025இல் 880 ஆர்டர், 2026இல் 700. கடையில் எதுவும் மாறாமலே இருபது சதவீதச் சரிவு ரிப்போர்ட்டில் தெரியும். 2026 அக்டோபர் ரிப்போர்ட்டைப் பார்த்து விளம்பரத்தை நிறுத்த நினைப்பவர்கள், 2025-09-30 முதல் 2025-10-19 வரையும், 2026-10-19 முதல் 2026-11-07 வரையும் இந்திய நேரப்படி பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தரும்படி ஏஜென்சியிடம் கேளுங்கள்.